லோட்டஸுக்கு 90 வெள்ளி, பழைய கேம்ரிக்கு 742 வெள்ளி: நமது சாலை வரி எதை அளக்கிறது?

மலாக்கா, அலோர் காஜாவை அடுத்த பெகோ தொழிற்பேட்டையில் ஹோண்டா நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே பொருத்தப்பட்டு வெளிவரும் சிவிக் காரின் டர்போ இயந்திரம் 1,498 சிசி. அதன் ஆற்றல் 182 குதிரைத்திறன். இந்தக் காருக்கு ஓராண்டு சாலை வரி 90 வெள்ளி.

அதே வட்டாரத்தின் தோட்டங்களிலும் கம்பத்து வீடுகளிலும் பதினைந்து, இருபது ஆண்டுப் பழைய டொயோட்டா கேம்ரி 2.4 கார்களைப் பார்க்கலாம். கல்யாணம், காரியம், மருத்துவமனை எதுவானாலும் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு புறப்படும் கார் அது. இயந்திரம் 2,362 சிசி. ஆற்றல் 167 குதிரைத்திறன். அதாவது புதிய சிவிக்கைவிடக் குறைவு. ஆனால், சாலை வரி 742 வெள்ளி. 2025 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ள 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் இது ஏறக்குறைய 44 விழுக்காடு.

கேம்ரி அதிகம் புகை விடுகிறது, அதனால் அதிக வரி என்று சிலர் நினைப்பதுண்டு. அப்படியில்லை. தீபகற்ப மலேசியாவில் தனிநபர் காருக்கான சாலை வரியில் புகை, எரிபொருள் செலவு, கரியமில வாயு, காரின் விலை, வயது எதுவுமே கணக்கில் வருவதில்லை. இயந்திரத்தின் கொள்ளளவு, அதாவது சிசி மட்டும்தான் கணக்கு.

அந்த அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 1,000 சிசி வரை 20 வெள்ளி. 1,200 வரை 55. 1,400 வரை 70. 1,600 வரை 90. இதுவரை எல்லாம் சமதளம். 1,600ஐத் தாண்டியதும் அடிப்படைத் தொகை 200 வெள்ளிக்குத் தாவுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 40 சென். 1,800ஐத் தாண்டினால் 280 வெள்ளியும் சிசிக்கு 50 சென்னும். 2,000ஐத் தாண்டினால் 380 வெள்ளியும் சிசிக்கு ஒரு வெள்ளியும். 2,500க்கு மேல் 880 வெள்ளியும் சிசிக்கு இரண்டரை வெள்ளியும். 3,000க்கு மேல் 2,130 வெள்ளியும் சிசிக்கு நாலரை வெள்ளியும். சபா, சரவாக்கில் கட்டணம் இதைவிடக் குறைவு.

பெரிய இயந்திரம் என்றால் பெரிய கார், பெரிய கார் என்றால் பெரிய வருமானம் என்று இருந்த காலத்துக்கு இந்த அட்டவணை பொருந்தியது. டர்போ வந்து அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. ஹோண்டா சிவிக் டைப் ஆர் என்ற பந்தயத் தரக் கார் 2023இல் 399,900 வெள்ளி விலையில் மலேசியாவில் அறிமுகமானது. ஜப்பானிலிருந்து முழுதாகத் தருவிக்கப்படும் கார். வருவதே சிறு எண்ணிக்கையில்தான். 1,996 சிசி, 319 குதிரைத்திறன். சாலை வரி 378 வெள்ளி. கேம்ரி கட்டுவதில் பாதி. மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ் காருக்கு 421 குதிரைத்திறன். அதன் வரி 375 வெள்ளி 50 சென்.

இன்னும் கீழே போகலாம். 1996இல் புரோட்டோன் வாங்கிய லோட்டஸ் நிறுவனம் நம் நாட்டுக்குச் சொந்தமாக இருபது ஆண்டுக்கு மேல் இருந்தது. 2017இல் சீனாவின் ஜீலி நிறுவனம் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியபோது லோட்டஸின் 51 விழுக்காடும் அதனிடம் போனது. புரோட்டோன் காலத்தில், 2010இல் லோட்டஸ் வெளியிட்ட எலிஸ் 1.6 இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். எடை 876 கிலோ. இயந்திரம் டொயோட்டாவுடையது, 1,598 சிசி. மலேசிய அட்டவணைப்படி அதன் சாலை வரி 90 வெள்ளி. தோட்டப்புறங்களில் இன்றும் ஓடும் புரோட்டோன் வீரா 1.6க்கும் (1,597 சிசி) அதே 90 வெள்ளிதான்.

ஏர் ஆசியாவின் டோனி பெர்னாண்டஸ் 2011இல் வாங்கிச் சில ஆண்டுகள் வைத்திருந்த இங்கிலாந்தின் கேட்டர்ஹாம் நிறுவனம் இன்னும் வேடிக்கை. அது 2021இல் வெளியிட்ட செவன் 170 காரின் இயந்திரம் சுசுகியின் 658 சிசி டர்போ. எடை 440 கிலோ. நம் அட்டவணையில் வைத்தால் 20 வெள்ளி. பெரோடுவா அக்சியாவின் வரி.

அட்டவணை பெரிய இயந்திரங்களைக் கடுமையாகத் தாக்குகிறது என்பதும் உண்மை. லம்போர்கினி உராகானின் 5,204 சிசிக்கு 12,048 வெள்ளி. கோலாலம்பூர் கெப்போங்கில் கைவேலையாகக் கார் செய்யும் புஃபோரி நிறுவனத்தின் ஜெனிவா கார் 6.1 லிட்டர் இயந்திரத்துடன் வந்தபோது அதற்கான வரி 15,000 வெள்ளியைத் தாண்டியது. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால், பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் கொடுத்துக் கார் வாங்குபவருக்கு அது காரின் விலையில் ஒரு விழுக்காட்டுக் கணக்கு. பழைய கேம்ரி வைத்திருப்பவருக்கு 742 வெள்ளி, காரின் இன்றைய மதிப்பில் அதைவிடப் பல மடங்கு பெரிய பங்கு. கார் விலை ஆண்டுக்காண்டு இறங்கும், சிசி இறங்காது.

ஒரே இயந்திரத்துக்கு இரண்டு வரி இருப்பதையும் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். லோட்டஸ் எக்சிஜ் எஸ் காரிலும் டொயோட்டா அல்பார்ட் 3.5 வேனிலும் இருப்பது டொயோட்டாவின் அதே 3,456 சிசி இயந்திரக் குடும்பம். எக்சிஜ் சலூன் பட்டியலில் வருவதால் 4,182 வெள்ளி. அல்பார்ட் சலூன் அல்லாத வண்டிகளின் பட்டியலில் வருவதால் 2,369 வெள்ளி 60 சென். எக்சிஜைவிட ஏறக்குறைய இரு மடங்கு எடையுள்ள, அதனாலேயே ஊருக்குள் அதிகம் குடிக்கும் வண்டிக்கு வரி கிட்டத்தட்டப் பாதி. வேன், ஜீப் எல்லாம் வேலைக்கும் பெரிய குடும்பத்துக்குமான வண்டிகள் என்ற பழைய எண்ணம் போலும். இன்று அல்பார்ட்டில் யார் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

அப்படியானால் சிசியை விட்டுவிட்டு, கார் வெளியிடும் கரியமில வாயுவை வைத்து வரி போட்டால் நியாயம் பிறந்துவிடுமா? சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகக் கேட்பது இதுதான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அப்படித்தான். ஆனால், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வேறு சிக்கல் தெரிகிறது.

முதலில் எண்ணின் அடிப்படை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளிவரும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். யாரும் தம் காருக்கே கணக்குப் போடலாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் கிலோமீட்டருக்கு 153 கிராம் வெளியிடுகிறது. 12 கொடுத்தால் 192 கிராம். 10 கொடுத்தால் 230 கிராம். ஜாசினிலிருந்து மலாக்கா நகருக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவர் எண்ணெய் நிரப்பும் ரசீதையும் மீட்டரையும் ஒரு மாதம் குறித்து வைத்தால் தம் காரின் உண்மையான அளவு கையில் வந்துவிடும்.

நிறுவனங்கள் வெளியிடும் அதிகாரப்பூர்வ அளவு அப்படி வருவதல்ல. பரிசோதனைக் கூடத்தில் உருளைகள் மேல் காரை நிறுத்தி, குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டி அளக்கிறார்கள். என்இடிசி என்ற பழைய ஐரோப்பியச் சோதனை 1,180 வினாடி, அதாவது இருபது நிமிடத்துக்கும் குறைவு. தூரம் 11 கிலோமீட்டர். 2017 செப்டம்பர் முதல் புதிய மாடல்களுக்கு டபிள்யூஎல்டிபி என்ற கடினமான சோதனை வந்தது: 30 நிமிடம், 23 கிலோமீட்டர், 131 கிலோமீட்டர் வரை வேகம். 2015 செப்டம்பரில் வெடித்த வோல்க்ஸ்வேகன் டீசல் மோசடி, சோதனைக் கூடத்து எண்களை அப்படியே நம்பமுடியாது என்பதை உலகுக்கே காட்டியிருந்தது. இரண்டு சோதனையிலும் குளிர்சாதனம் அணைக்கப்பட்டிருக்கும். மெர்லிமாவ் வெயிலில் குளிர்சாதனம் இல்லாமல் கார் ஓட்டுபவர் யார்?

குறைந்த எண்ணிக்கையில் தயாராகும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இதில் தனி வழி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கொண்டுவந்த சட்டம், ஒரு நிறுவனம் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி வெளியீட்டுக்கும் வரம்பு வைத்தது. ஆண்டுக்கு 10,000க்கும் குறைவாக விற்கும் நிறுவனங்கள் தங்களுக்கென்று தளர்வான இலக்கைக் கேட்டுப் பெறலாம். பின்னர் வந்த திருத்தத்தில் 1,000க்கும் குறைவாக விற்பவர்களுக்கு அந்த இலக்கே இல்லை என்றானது. இத்தாலியின் சொகுசு கார் நிறுவனங்களுக்கு உதவுவதால் ‘பெராரி திருத்தம்’ என்றே பெயர்பெற்ற இன்னொரு மாற்றம், சிறு நிறுவனங்களுக்கான சலுகையை 2035 இறுதிவரை நீட்டித்தது. சில ஆயிரம் கார்களால் உலகம் கெட்டுவிடாது, சிறு நிறுவனத்தால் பெரிய ஆய்வுச் செலவைத் தாங்க முடியாது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

இந்தச் சராசரிக் கணக்கு என்னென்ன செய்ய வைக்கும் என்பதற்கு ஆஸ்டன் மார்ட்டின் நல்ல உதாரணம். ஜேம்ஸ் பாண்ட் படங்களில் வரும் அந்த நிறுவனம் 2011இல் சிக்னெட் என்று ஒரு குட்டிக் காரை இறக்கியது. உண்மையில் அது டொயோட்டா ஐக்யூ. முகப்பையும் உள்ளிருக்கையையும் மாற்றி, விலையை ஏறக்குறைய 30,000 பவுனுக்கு உயர்த்தினார்கள். நிறுவனத்தின் சராசரி வெளியீடு குறையும் என்ற கணக்கு அதில் இருந்தது. ஆனால், வாங்க ஆளில்லை. சில நூறு கார்களோடு 2013இல் கதை முடிந்தது.

இப்போது அந்த வேலையைச் செய்ய குட்டிக் கார் தேவையில்லை. மின்கலம் போதும். பெராரி 296 ஜிடிபி கார் 830 குதிரைத்திறன் கொண்டது. செருகி மின்னேற்றம் செய்யும் கலப்பினக் கார்; மின்சாரத்தில் மட்டும் 25 கிலோமீட்டர் ஓடும். சோதனையில் அந்த மின்சார ஓட்டத்துக்கும் பங்கு கொடுத்துச் சராசரி எடுப்பதால் அதன் அதிகாரப்பூர்வ வெளியீடு கிலோமீட்டருக்கு 149 கிராம். 876 கிலோ எடையும் 136 குதிரைத்திறனும் கொண்ட லோட்டஸ் எலிஸ் 1.6 வெளிவந்தபோது அதன் அளவு 155 கிராம்! எலிஸின் எண் பழைய, எளிதான சோதனையில் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காகிதத்தில் எலிஸைவிடப் பெராரி சுத்தம். டைப் ஆருக்கு 186 கிராம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் மைவிக்கு மேலே போட்ட கணக்கில் 153 கிராம். கரியமில வாயுவை மட்டும் பார்த்து வரி போட்டால் பெராரியும் மைவியும் ஒரே வரிசையில் நிற்கும். இப்படிப்பட்ட கார்களுக்கான கணக்கீட்டை ஐரோப்பா 2025 முதல் இறுக்கத் தொடங்கியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

மலேசியாவின் சிசி அட்டவணையிலும் இதே பெராரி தப்பித்துக்கொள்கிறது. 2,992 சிசி, அதாவது நாலரை வெள்ளி தொடங்கும் 3,000 சிசிக் கோட்டுக்கு எட்டு சிசி கீழே. வரி 2,110 வெள்ளி. அதற்கு முந்தைய எட்டு சிலிண்டர் பெராரி எஃப்8க்கு 6,189 வெள்ளி. எந்த அளவுகோலை வைத்தாலும் அதற்கேற்ப இயந்திரத்தைச் செதுக்கிக்கொள்ளும் வசதி புதிய கார் செய்பவருக்கும் வாங்குபவருக்கும் இருக்கிறது. இருபது ஆண்டுக்கு முன் வார்க்கப்பட்ட இயந்திரத்தோடு வாழ்பவருக்கு அந்த வசதி இல்லை. மலாக்காத் தோட்டப்புறக் குடும்பங்கள் இந்த விவகாரத்தைக் கவனிக்க வேண்டியது இந்தக் காரணத்தால்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதிகாரப்பூர்வ அளவு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சொல்லுமே தவிர, ஆண்டுக்கு எவ்வளவு என்று சொல்லாது. கிலோமீட்டருக்கு 330 கிராம் விடும் ஸ்போர்ட்ஸ் கார் ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓடினால் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. 153 கிராம் விடும் மைவி 20,000 கிலோமீட்டர் ஓடினால் மூன்று டன். ஞாயிறு காலையில் பிளஸ் நெடுஞ்சாலையில் சிம்பாங் அம்பாட்டையும் ஆயர் குரோவையும் இரைச்சலோடு கடக்கும் கார்களைப் பார்த்து எரிச்சல்படுவது இயல்பு. ஆனால், நாட்டின் மொத்தப் புகையில் அவற்றின் பங்கு அற்பம். தினமும் ஓடுவது நம் கார்கள்தான். தூரத்துக்கு ஏற்ற வரி என்றால் அது எண்ணெய் விலையில்தான் இருக்க முடியும். அதற்கு 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 திட்டத்தில் லிட்டர் 1 வெள்ளி 99 சென், மாதம் 300 லிட்டர் வரை என்று அரசாங்கம் உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. பேருந்து எட்டிப்பார்க்காத தோட்டங்களுக்கு அந்த உதவி தேவை; அதில் கைவைக்கச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல.

மற்ற நாடுகள் பழைய கார்களை என்ன செய்தன? பிரிட்டன் 2001 மார்ச் முதல் பதிவான கார்களுக்குக் கரியமில வாயு அடிப்படையில் சாலை வரி கொண்டுவந்தது. அதற்கு முந்தைய கார்களுக்கு அதிகாரப்பூர்வ அளவு முறையாக இல்லை. அதனால் அவற்றைச் சிசி கணக்கிலேயே விட்டுவிட்டார்கள்: 1,549 சிசிக்கு உள்ளே ஒரு கட்டணம், மேலே ஒரு கட்டணம், அவ்வளவுதான். 2025இல் அது 220 பவுன், 360 பவுன். வீட்டுக் கொட்டகையில் பொருத்தப்படும் கேட்டர்ஹாம் போன்ற கார்களுக்கு, அளவு சான்றிதழ் இல்லையென்றால் அதே இரண்டு கட்டணம் பொருந்துகிறது. புதிய கார்களுக்குத்தான் சூடு: 2025 ஏப்ரலில் 255 கிராமுக்கு மேல் வெளியிடும் புதிய காருக்கு முதலாண்டு வரி 5,490 பவுன் ஆனது. மறு ஆண்டிலிருந்து எல்லாருக்கும் 195 பவுன் என்று இருந்தது. 40,000 பவுனுக்கு மேல் விலையுள்ள காருக்குச் சில ஆண்டுகள் கூடுதலாக 425 பவுன் இருந்தது. புதிதாக வாங்கும் நேரத்தில், வாங்க முடிந்தவரிடம் வாங்கிவிடுகிறார்கள்.

நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூர். மலாக்காவிலிருந்து வாரா வாரம் ஜொகூர் பாலத்தைக் கடப்பவர்களுக்கு அங்குள்ள கெடுபிடி தெரியும். 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ள வாகன வெளியீட்டுத் திட்டம் கரியமில வாயுவோடு நைட்ரஜன் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நுண்துகள் ஆகிய ஐந்தையும் பார்த்து, கார் பதிவாகும்போது ஒரே தடவை கழிவு கொடுக்கிறது அல்லது கூடுதல் கட்டணம் போடுகிறது. ஆண்டுச் சாலை வரி அங்கும் சிசி கணக்கில்தான். ஆனால், பத்து ஆண்டைத் தாண்டிய காருக்குச் சாலை வரியின் மேல் 10 விழுக்காடு கூடுதல். அது ஆண்டுக்காண்டு ஏறி 50 விழுக்காடு வரை போகும். அடுத்த தெருவெல்லாம் ரயிலும் பேருந்தும் ஓடும் தீவுக்கு அது சரி. புக்கிட் ஆசாஹானிலோ தெபோங்கிலோ அந்த 50 விழுக்காட்டை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மலேசியாவில் அளவுகோல் மாறத் தொடங்கிவிட்டது. மின்சாரக் கார்களுக்கான சாலை வரி விலக்கு 2025 டிசம்பர் 31இல் முடிந்து, 2026 ஜனவரி முதல் கிலோவாட் கணக்கில் வரி. போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் 2023 டிசம்பரிலேயே அறிவித்தது இது. 100 கிலோவாட் வரை 20 முதல் 70 வெள்ளி. 150 கிலோவாட் மோட்டார் கொண்ட பிஒய்டி அட்டோ 3 காருக்கு 160 வெள்ளி. புகைக்குழாயே இல்லாத கார் 160 கட்டுகிறது. பெட்ரோல் எரிக்கும் 182 குதிரைத்திறன் சிவிக் 90 கட்டுகிறது. ஒரே சாலையில் இரண்டு அளவுகோல்.

ஒரு பேச்சுக்காக அந்தக் கிலோவாட் அட்டவணையைப் பெட்ரோல் கார்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம். மைவி 1.5இன் 103 குதிரைத்திறன் என்பது 76 கிலோவாட்; 90 வெள்ளி 50 ஆகிவிடும். சிவிக் 134 கிலோவாட். 90 வெள்ளி 140 ஆகும். பழைய கேம்ரி 123 கிலோவாட். 742 வெள்ளி 120 ஆகும். பெட்ரோல் கார்களுக்கு அரசாங்கம் இதை அப்படியே தந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வருமானம் வெகுவாகக் குறையும். ஆனால், 742 வெள்ளிக்கு நியாயம் எதிலும் இல்லை என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. ஆற்றலை வைத்தாலும் காரின் இன்றைய மதிப்பை வைத்தாலும் அந்தத் தொகை வராது. தமிழ்நாட்டில் செய்வதுபோல் காரின் விலையைப் பார்த்து வரி போட்டாலும் வராது.

சொகுசு கார்கள் பக்கமும் அரசாங்கத்தின் பார்வை திரும்பியிருக்கிறது. சாலை வரியும் காப்புறுதியும் இல்லாமல் ஓட்டப்பட்ட விலையுயர்ந்த கார்களைச் சாலைப் போக்குவரத்துத் துறை, அதாவது ஜேபிஜே, 2025இல் தலைநகரில் பறிமுதல் செய்தது. 2023 பிப்ரவரி 10 முதல் கண்ணாடியில் வரி வில்லை ஒட்டத் தேவையில்லை என்றானதால், வரி கட்டாத கார் வெறும் கண்ணால் பார்த்தால் தெரியாது. லங்காவியிலும் லாபுவானிலும் வரி விலக்கோடு கார் வாங்கும் சலுகை, 2026 ஜனவரி 1 முதல் 300,000 வெள்ளிக்குட்பட்ட கார்களுக்கு மட்டும் என்று வரவு செலவுத் திட்டம் வரையறுத்தது. இரண்டுமே நல்ல வேலை.

பழைய கார்கள் பக்கம் வந்திருப்பது ஒரு சிறு உதவி. 20 ஆண்டுக்கு மேற்பட்ட காரை ஒப்படைத்துப் புதிய புரோட்டோன் அல்லது பெரோடுவா வாங்குபவருக்கு 4,000 வெள்ளி வரை தருவதாக 2026 வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. ஒதுக்கீடு ஒரு கோடி வெள்ளி. நாடு முழுவதற்கும் சேர்த்து அந்தத் தொகை சில ஆயிரம் கார்களுக்கு மேல் போகாது. உள்ளதிலேயே மலிவான அக்சியா இ 22,000 வெள்ளிக்கு வந்த கார். கியர் கையால் மாற்ற வேண்டும். 4,000 கழித்தாலும் மீதிக்கு வங்கிக் கடன் வேண்டும். தோட்டத்தில் குத்தகைக்காரரிடம் தினக்கூலியாக வேலை செய்பவருக்குச் சம்பளச் சீட்டு இருந்தால்தானே கடன்?

பழைய கார்களைப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லும்போது அவற்றின் புகையை மறைக்கவும் கூடாது. கரியமில வாயு ஒன்று, மூச்சைக் கெடுக்கும் நச்சுப் புகை வேறு. புகைவடிகட்டி தேய்ந்துபோன 25 வயது வீரா, கார்பன் மோனாக்சைடிலும் ஹைட்ரோகார்பனிலும் புதிய பெராரியைவிட மோசமாக இருக்கலாம். அதைச் சுவாசிப்பது வீரா நிற்கும் லயத்துக் குழந்தைகள்தான். சுற்றுச்சூழல் துறையின் 1996ஆம் ஆண்டு பெட்ரோல் இயந்திர விதிகள் குறிவைப்பது இந்த நச்சுப் புகையை. ஆனால், அதற்கு மருந்து பட்டறையில் இருக்கிறது. வடிகட்டி மாற்றவும் இயந்திரத்தைச் சரிசெய்யவும் உதவி கொடுத்தால் ஒரு காருக்கு ஆகும் செலவு, புதிய கார் வாங்க வைப்பதைவிட மிகக் குறைவு.

மலாக்கா பசுமைத் தொழில்நுட்ப மாநிலம் என்று பல ஆண்டுகளாக அறிவித்துக்கொள்கிறது. அதற்கென்று மாநில அமைப்பும் உண்டு. ஆனால், சாலை வரி கூட்டரசின் கையில். மாநில அரசால் ஒரு சென்கூடக் குறைக்க முடியாது. ஆகவே கேட்க வேண்டியது அலோர் காஜா, ஜாசின், மஸ்ஜிட் தானா, தங்கா பத்து, ஹங் துவா ஜெயா, கோத்தா மலாக்கா ஆகிய ஆறு நாடாளுமன்றத் தொகுதிகளின் உறுப்பினர்களிடம்.

கேட்பதும் பெரிதல்ல. வெளியீட்டையோ ஆற்றலையோ வைத்துப் புதிய வரி வருமானால் அது இனி பதிவாகும் கார்களுக்கு மட்டும் இருக்க வேண்டும். பிரிட்டன் செய்ததுபோல் பழைய கார்கள் பழைய கணக்கிலேயே இருக்கட்டும். 15 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2,001 முதல் 2,500 சிசி வரையிலான தட்டில் சிசிக்கு ஒரு வெள்ளி என்பதைக் குறைக்க வேண்டும்; அந்தத் தட்டில் ஸ்போர்ட்ஸ் கார் அரிது, பழைய கேம்ரியும் பழைய பிஎம்டபிள்யூ 325ஐயும்தான் அதிகம். செருகி மின்னேற்றும் கலப்பினக் கார்களின் காகித அளவை அப்படியே ஏற்கக் கூடாது. வயதுக்காகக் கூடுதல் வரி என்ற சிங்கப்பூர் வழி இங்கே வேண்டாம்.

742 வெள்ளி தனியாக வருவதில்லை என்பதையும் உறுப்பினர்களுக்கு நினைவூட்டலாம். காப்புறுதி எடுத்தால்தான் சாலை வரியைப் புதுப்பிக்க முடியும். காப்புறுதிக் கட்டணத்தின் மேல் 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு சேவை வரி, அதோடு 10 வெள்ளி முத்திரை வரி. எல்லாம் ஒரே நாளில், ஒரே முகவர் கடையில் கட்ட வேண்டிய பணம். முடியாதவர் ஆறு மாதத்துக்கு மட்டும் புதுப்பிக்கிறார். அதற்கும் முடியாதவர் தோட்டச் சாலையோடு காரை நிறுத்திக்கொள்கிறார், அல்லது வரியில்லாமல் பெரிய சாலைக்கு ஏற்றுகிறார். பின்னதில் விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கிடையாது.

நிதியமைச்சு ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்துக்கு முன் பொதுமக்களின் கருத்துகளை இணையத்தில் பெறுகிறது. கார் நிறுவனங்களும் இறக்குமதியாளர்களும் தங்கள் கோரிக்கைகளைத் தவறாமல் அனுப்புகிறார்கள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்கள், ஆலய நிர்வாகங்கள், தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளைகள் ஆகியவை கேம்ரிக்காகவும் வீராவுக்காகவும் ஒரு பக்கம் எழுதி அனுப்ப அதே இடம் திறந்திருக்கிறது.